ஆங்கிலக் கட்டுரைக்கு வினையடை உப்புப் போல



க.பொ.த. சாதாரண தர ஆங்கில மொழி இரண்டாம் வினாத்தாளின் இறுதியில் ஏறத்தாழ 200 சொற்களில் ஒரு கட்டுரை எழுதும்படி கேட்கப்படுகிறது. தமிழ்மொழி மூலம் கற்கும் மாணவர்கள் பலர் அதிகம் அஞ்சும் வினா இதுவே. அந்த அச்சத்தைப் போக்குவதற்கென்று ஒரு வழி பல இடங்களில் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. 'லி' என்ற ஒலியில் முடியும் ஆங்கிலச் சொற்கள் ஐம்பதையோ நூறையோ மனனம் செய்துகொள்ள வேண்டும். அவற்றைக் கட்டுரையில் ஆங்காங்கே தூவ வேண்டும். மொழி அழகாகிவிடும், புள்ளியும் கூடும் என்பதே அந்த வழி.

இவ்வழி பிழையானது என்பதே எமது கருத்து. அது புள்ளியைக் கூட்டுவதில்லை. அதைவிடப் பெரிய நட்டம், நீங்கள் சொல்ல வந்த விடயத்தையே அது மறைத்துவிடுகிறது. ஏன் என்பதைப் படிப்படியாக நோக்குவோம்.

(இங்கு ஆங்கில உதாரணங்கள் உச்சரிப்பின்படி தமிழெழுத்தில் தரப்பட்டுள்ளன. படிக்கும்போதே அவற்றை உங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். எழுத்துக்கூட்டலுக்கும் அது நல்ல பயிற்சியாகும்.)

வினையடை என்பது யாது?

ஒரு செயல் எப்படி, எப்போது, எங்கே, எவ்வளவு, எத்தனை தடவை நடந்தது என்பதைச் சொல்லும் சொல் வினையடை ஆகும். 'ஸ்லோலி' எப்படி என்பதையும், 'யெஸ்டர்டே' எப்போது என்பதையும், 'ஹியர்' எங்கே என்பதையும், 'ஒஃபன்' எத்தனை தடவை என்பதையும் சொல்கின்றன. 'வெரி' போன்ற சொற்கள் அளவைக் குறிக்கின்றன.

இங்கு இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, 'லி' என முடிவதெல்லாம் வினையடை அல்ல. 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி', 'லோன்லி' என்பன பெயரடைகள். மற்றையது, 'லி' என முடியாத வினையடைகளும் ஏராளம் உண்டு. 'நவ்', 'சூன்', 'நெவர்', 'எகெய்ன்' என்பன அவற்றுட் சில. எனவே சொல்லின் வாலைப் பார்த்துப் பட்டியல் போட்டு மனனம் செய்வது தொடக்கத்திலேயே வழிதவறிவிடுகிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது?

நாம் தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரு மொழிகளும் ஒரு செயலை வேறு வேறு விதமாகக் கட்டுகின்றன என்பதை அறிந்திருக்க வேண்டும்.

தமிழில் செயலின் தன்மையைப் பெரும்பாலும் வினைக்கு வெளியே, அதற்கு முன்னால் வைக்கிறோம். 'மடமடவெனக் குடித்தான்', 'நொண்டி நொண்டி நடந்தான்', 'விம்மி விம்மி அழுதாள்', 'பதுங்கிப் பதுங்கி வந்தது' என்கிறோம். குடித்தான், நடந்தான், அழுதாள் என்பன பொதுவான வினைகள். தன்மையைச் சொல்லும் பொறுப்பு முன்னால் நிற்கும் சொல்லுக்கு உரியது. இது தமிழின் அழகு. 'மடமட' போன்ற சொற்களுக்கு இரட்டைக்கிளவி என்று இலக்கணத்தில் ஓர் இடமே இருக்கிறது.

ஆங்கிலம் பல இடங்களில் அந்தத் தன்மையை வினைக்கு உள்ளேயே வைத்துவிடுகிறது. கீழே உள்ளவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மடமடவெனக் குடித்தான் – கல்ப்ட்
நொண்டி நொண்டி நடந்தான் – லிம்ப்ட்
விம்மி விம்மி அழுதாள் – சொப்ட்
பதுங்கிப் பதுங்கி வந்தது – க்ரெப்ட்
காதோடு காதாகச் சொன்னாள் – விஸ்பர்ட்
எட்டிப் பார்த்தான் – பீப்ட்
வெறித்துப் பார்த்தான் – ஸ்டெயர்ட்

தமிழில் இரண்டு மூன்று சொற்களாற் சொன்னதை ஆங்கிலத்தில் ஒரே வினை சொல்லிவிடுகிறது. இதை அறியாத மாணவர் 'வோக்ட்' என்ற பொது வினையை எழுதி, அதனோடு ஒட்டுவதற்கு ஒரு 'லி' சொல்லைத் தேடுகிறார். ஆகவே நூறு வினையடைகளை மனனம் செய்யும் நேரத்தில் நல்ல வினைகள் முப்பதைப் பழகிக்கொண்டால் கூடிய பயன் கிடைக்கும். ஒரு வினை உங்களுக்குத் தெரிந்துவிட்டால் அதற்கான வினையடை தேவைப்படாமலே போய்விடும்.

இன்னொரு பிழையும் இதனோடு சேர்ந்து வரும். வினைக்குள் ஏற்கெனவே இருக்கும் பொருளை வெளியிலும் எழுதிவிடுகிறோம். தமிழில் 'உரக்கக் கத்தினான்' என்பது இயல்பாக ஒலிக்கும். ஆங்கிலத்தில் 'ஷவுட்டட்' என்றாலே உரத்த குரல்தான். அதன்பின் 'லவுட்லி' வீண். 'விஸ்பர்ட் சொஃப்ட்லி', 'ரிட்டேர்ண்ட் பெக்', 'ரிப்பீட்டட் எகெய்ன்' என்பனவும் இத்தகையனவே. திரும்பி வந்தவர் இன்னொரு தடவை திரும்ப வேண்டியதில்லை.

பொருளையே மாற்றிவிடும் சொற்கள்

அளவு கூடுவது ஒரு குறை. பொருள் மாறிவிடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. புத்தளத்து மாணவர் ஒருவர் உப்பளத் தொழிலாளர் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'அவர்கள் கடினமாக உழைக்கிறார்கள்' என்பதே அவர் சொல்ல வந்தது. 'ஹார்ட்' என்ற பெயரடையுடன் 'லி' சேர்த்தால் வினையடை கிடைக்கும் என்று நம்பி, 'தே வேர்க் ஹார்ட்லி' என எழுதிவிடுகிறார். 'ஹார்ட்லி' என்பதன் பொருள் 'அரிதாக, இல்லையென்றே சொல்லுமளவுக்கு' என்பதாகும். அதை உரிய இடத்தில் வைத்து 'தே ஹார்ட்லி வேர்க்' என்றால் 'அவர்கள் வேலை செய்வதே இல்லை எனலாம்' என்று பொருள்படும். காலை முதல் மாலை வரை வெயிலிலே நிற்கும் மனிதரைப் புகழ எடுத்த வசனம் அவரைச் சோம்பேறி என்று சொல்லும் வசனமாகிறது! 'தே வேர்க் ஹார்ட்' என்பதே சரி. அங்கே 'ஹார்ட்' என்பதே வினையடையாகவும் நிற்கிறது. இதே போன்று 'லேட்' என்பது பிந்தி என்றும், 'லேட்லி' என்பது அண்மைக் காலமாக என்றும் பொருள் தரும்.

மேலும் மூன்று சொற்களைக் கவனத்திற் கொள்ளுங்கள்.

1. வெரி: 'எனக்குக் கிரிக்கெட் மிகவும் பிடிக்கும்' என்பதை அப்படியே மாற்றி 'ஐ வெரி லைக் கிரிக்கெட்' என எழுதுதல் தவறு. 'வெரி' என்பது வினைக்கு நேர் முன்னே நிற்காது. 'ஐ லைக் கிரிக்கெட் வெரி மச்' என்பதே சரியான அமைப்பு.

2. டூ: இதனை 'மிகவும்' என்று மட்டும் விளங்கிக்கொள்ளக் கூடாது. வேண்டிய அளவைக் கடந்தது என்பதே இதன் பொருள். 'த டீ இஸ் டூ ஹொட்' என்றால் குடிக்க முடியாத சூடு. 'மை வில்லேஜ் இஸ் டூ பியூட்டிஃபுல்' என்று எழுதினால், அழகு கூடிப்போனதைப் பற்றி நீங்கள் குறைப்படுவது போலாகும்.

3. ஒன்லி: தமிழில் 'மட்டும்' என்பது தான் கட்டுப்படுத்தும் சொல்லுக்குப் பின்னால் வரும். எழுதும் ஆங்கிலத்தில் 'ஒன்லி' என்பதை அந்தச் சொல்லுக்கு முன்னால் வைப்பதே தெளிவு. 'ஒன்லி பாத்திமா சோ த போட்' என்றால் படகைக் கண்டவர் பாத்திமா மட்டும். 'பாத்திமா சோ ஒன்லி த போட்' என்றால் பாத்திமா கண்டது படகை மட்டும். ஒரு சொல் இடம் மாறியது, செய்தியே மாறிவிட்டது.

'வெரி' மறைத்துவிட்ட ஊர்

'எனது கிராமம்' என்ற தலைப்பில் எழுதப்படும் பல கட்டுரைகள் பின்வருமாறு தொடங்குகின்றன.

'மை வில்லேஜ் இஸ் வெரி வெரி பியூட்டிஃபுல். த சீ இஸ் ரியலி வெரி நைஸ். த ஃபிஷர்மென் வேர்க் வெரி ஹார்ட்லி. பீப்பிள் லிவ் வெரி ஹெப்பிலி அண்ட் பீஸ்ஃபுலி.'

எண்ணிப் பாருங்கள். 23 சொற்கள், அவற்றில் 9 வினையடைகள். இது எந்த ஊர்? உடப்பா, கற்பிட்டியா, சிலாபமா? காலியா, திருகோணமலையா? சொல்ல முடியாது. இலங்கையின் எந்தக் கரையிலிருந்தும் எந்த மாணவரும் இதையே எழுதலாம். உண்மையில் பலர் இதையேதான் எழுதுகின்றனர்.

இப்போது அதே மாணவர், தாம் கண்ணாற் கண்டதை எழுதினால் எப்படியிருக்கும்?

'மை வில்லேஜ் இஸ் பிட்வீன் த சீ அண்ட் த லகூன். ஏர்லி இன் த மோர்னிங் ட்வென்டி மென் புல் எ லோங் நெட் டு த ஷோர். தே சிங் அஸ் தே புல். சம்டைம்ஸ் த நெட் இஸ் எம்ப்டி. நோபடி சிங்ஸ் தென்.'

35 சொற்கள்; வினையடைகள் மூன்றே. 'ஏர்லி', 'சம்டைம்ஸ்', 'தென்'. மூன்றும் எப்போது என்பதைச் சொல்கின்றன. எந்த ஒன்றை எடுத்தாலும் செய்தி குறைந்துவிடும். 'அவர்கள் கஷ்டப்பட்டு உழைக்கிறார்கள்' என்று இங்கு எழுதவில்லை. கரைவலையும் அம்பாப் பாட்டும் வெறும் வலையும் அதனைச் சொல்லிவிடுகின்றன. உடப்புக் கரையை அறிந்த ஒருவர் இதை வாசித்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார். அறியாதவருக்கு அக்கரை புதிதாகத் தெரியும்.

இதில் கடினமான ஆங்கிலச் சொல் ஒன்றாவது இருக்கிறதா? இல்லை. ஒவ்வொரு சொல்லும் சாதாரண தர மாணவருக்குத் தெரிந்ததே. கட்டுரைக்குப் புள்ளியிடும்போது உள்ளடக்கம், மொழி, ஒழுங்கமைப்பு, எழுத்துக்கூட்டலும் குறியீடுகளும் என்பன கவனிக்கப்படுகின்றன. ஒன்பது வினையடைகளும் உள்ளடக்கத்துக்கு ஒன்றும் சேர்க்கவில்லை. மொழியிலோ 'ஹார்ட்லி' ஒரு பிழையையே சேர்த்தது.

எமது கரையோரத்துக்கு இதில் ஒரு முன்னோடியும் உண்டு. சைமன் காசிச்செட்டி 1807ஆம் ஆண்டு கற்பிட்டியிலே பிறந்தவர். 1834இல் அவர் 'சிலோன் கெசற்றியர்' என்ற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகர வரிசையில் விவரிக்கும் நூல் அது. 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைக் கூறும் 'தமிழ் புளூட்டாக்' என்ற நூலையும் ஆங்கிலத்திலேயே எழுதினார். தமிழறிவு அவருடைய ஆங்கிலத்துக்குத் தடையாக இருக்கவில்லை. எழுதுவதற்கான பொருளையே அது தந்தது. ஓர் ஊரைப் பற்றி எழுதும்போது அது எங்கே இருக்கிறது, அங்கே யார் வாழ்கிறார்கள், என்ன விளைகிறது என்பதே வாசகர் அறிய விரும்புவது. 'மிக அழகான ஊர்' என்பதால் எவரும் ஓர் ஊரை அறிந்துகொள்வதில்லை. கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், ஒல்லாந்தர் கட்டிய கோட்டை, தலவில் திருவிழாவுக்கு வரும் மக்கள் கூட்டம் என்று எழுதுவதற்கு உங்களிடம் எவ்வளவோ இருக்கின்றன. அந்த இடத்தை 'வெரி வெரி' என்பதற்குக் கொடுத்துவிடலாமா?

உலகின் எழுத்தாளர்கள் என்ன சொல்கிறார்கள்?

ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. 'த எலிமெண்ட்ஸ் ஒஃப் ஸ்டைல்' என்ற சிறு நூலை வில்லியம் ஸ்ட்ரங்க் என்ற பேராசிரியர் எழுதினார். அதனை 1959இல் விரிவாக்கி வெளியிட்ட ஈ. பி. வைட், 'வெரி' போன்ற அளவுச் சொற்களைத் தவிர்க்கும்படி அறிவுறுத்தினார். அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் 2000ஆம் ஆண்டில் வெளியான 'ஒன் ரைட்டிங்' என்ற நூலில் வினையடைகளைக் கடுமையாகச் சாடினார். எல்மோர் லெனர்ட் என்ற எழுத்தாளர் 2001இல் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையில் எழுதிய விதிகளில், உரையாடலின் பின் வரும் 'செட்' என்ற வினையுடன் வினையடை சேர்க்கக் கூடாது என்றார்.

மறுபக்கமும் உண்டு. ஜெஃப்ரி புல்லம் என்ற மொழியியலாளர் 2009இல், அந்தச் சிறு நூலின் விதிகள் பலவற்றைக் கண்டித்து எழுதினார். நூலை எழுதியவர்களே தம் விதிகளைப் பின்பற்றவில்லை என்பதும் அவர் எடுத்துக்காட்டிய குறை.

இரு தரப்பையும் எண்களால் அளந்து பார்த்தவரும் இருக்கிறார். பென் பிளாட் என்பவர் 2017இல் வெளியிட்ட நூலில், புகழ்பெற்ற எழுத்தாளர்கள் 'லி' வினையடைகளை எத்தனை தடவை பயன்படுத்தினர் என்று கணினியால் எண்ணினார். அவரது கணக்கின்படி ஹெமிங்வே 10,000 சொற்களுக்கு ஏறத்தாழ 80 தடவையும், 'ஹரி பொட்டர்' எழுதிய ஜே. கே. ரௌலிங் ஏறத்தாழ 140 தடவையும் பயன்படுத்தியுள்ளனர். வினையடையைச் சாடிய ஸ்டீபன் கிங் அவர்களும் இவ்விருவருக்கும் இடையில், ஏறத்தாழ 105இல் நிற்கிறார். ஒருவரும் பூச்சியத்தில் இல்லை!

இந்த எண்களை உங்கள் 200 சொற் கட்டுரைக்குச் சுருக்கிப் பாருங்கள். ஹெமிங்வேயின் அளவில் இரண்டுக்குக் குறைவு. ரௌலிங்கின் அளவில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 200 சொற்களில் இரண்டு அல்லது மூன்று 'லி' வினையடைகள் போதும். இருபது சொற்களைத் தூவும் மாணவர் உலகின் எந்தப் பெரிய எழுத்தாளரையும் பின்பற்றவில்லை.

அப்படியானால் எங்கே வேண்டும்?

வினையடையே வேண்டாம் என்று சொல்வதும் பிழையாகும். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்ற பழமொழியை உப்பு விளையும் மாவட்டத்தில் வாழும் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உப்புக் கூடிய கறியை வாயில் வைக்க முடியாது என்பதும் உங்களுக்குத் தெரியும். செய்தியைத் தரும் வினையடைகளைத் தயங்காமல் எழுதுங்கள்.

1. வரைபு விவரணம்: ஓர் உப்பளத்தின் மாதாந்த உற்பத்தியைக் காட்டும் வரைபு தரப்பட்டுள்ளது என்று கொள்வோம். 'இன்க்ரீஸ்ட் ஸ்லைட்லி' என்றால் சிறிதளவு கூடியது. 'இன்க்ரீஸ்ட் ஷார்ப்லி' என்றால் திடீரெனப் பெருமளவு கூடியது. இங்கு வினையடையே தகவல். அதை விட்டால் விடை குறைபடும்.

2. காலமும் தடவையும்: 'ஓல்வேஸ்', 'யூஷுவலி', 'நெவர்' என்பன பிரதான வினைக்கு முன்னால் வரும். 'ஹீ ஓல்வேஸ் கம்ஸ் ஏர்லி' என்பதைக் கவனியுங்கள். 'இஸ்', 'ஆர்', 'வொஸ்' போன்றவை வந்தால் அவற்றுக்குப் பின்னால் வரும். 'ஷீ இஸ் நெவர் லேட்' என்பது உதாரணம்.

3. ஒழுங்கமைப்பு: பேச்சிலும் விவாதக் கட்டுரையிலும் 'ஃபேர்ஸ்ட்லி', 'ஹவெவர்', 'ஃபைனலி' என்பன வாசிப்பவரை ஒரு கருத்திலிருந்து அடுத்த கருத்துக்கு அழைத்துச் செல்லும்.

4. எதிர்பாராத தன்மை: 'ஷீ ஸ்மைல்ட் ஹெப்பிலி' என்பதில் புதிதாக ஒன்றுமில்லை, சிரிப்பு என்றாலே மகிழ்ச்சிதான். 'ஷீ ஸ்மைல்ட் சேட்லி' என்றால் செய்தி இருக்கிறது. வினை தானாகச் சொல்லாத ஒன்றை வினையடை சொல்லுமானால் அது தன் இடத்துக்கு உரியதாகிறது.

பரீட்சை மண்டபத்தில் செய்ய வேண்டியது

கட்டுரையை எழுதி முடித்தபின் மூன்று நிமிடங்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள். வினையடை ஒவ்வொன்றின் மீதும் விரலை வைத்து மறைத்து, வசனத்தை மீண்டும் வாசியுங்கள். பொருள் சற்றும் குறையவில்லையா? ஒரு கோட்டால் வெட்டிவிடுங்கள். பொருள் குறைகிறதா? அடுத்ததாக, அந்தப் பொருளை உள்ளடக்கிய ஒரு வினை உங்களுக்குத் தெரியுமா என்று யோசியுங்கள். தெரிந்தால் அதை எழுதுங்கள். தெரியாவிட்டால் வினையடையை அப்படியே விடுங்கள், அதில் தவறில்லை. 'வெரி' இருந்த இடத்தில் ஓர் எண்ணையோ, நிறத்தையோ, பெயரையோ, நேரத்தையோ வைக்க முடியுமா என்றும் பாருங்கள்.

நல்ல ஆங்கில ஆசிரியரும் வகுப்புகளும் எல்லா ஊர்களுக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. நகரத்து மாணவருக்குத் தெரிந்த சொற்களின் எண்ணிக்கை உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் கண்ட களப்பும் கரைவலையும் உப்பு வெயிலும் அவரிடம் இல்லை. மனனம் செய்த அலங்காரச் சொற்கள் எல்லா விடைத்தாள்களிலும் ஒன்றாகவே இருக்கும். நீங்கள் கண்டது உங்கள் விடைத்தாளில் மட்டுமே இருக்கும். அதனை எளிய ஆங்கிலத்தில், பிழையின்றி, அளவோடு எழுதுங்கள்.

பயிற்சி

பின்வருவனவற்றை 'லி' வினையடை இன்றி ஆங்கிலத்தில் எழுதுக.

1. சிறுவன் தண்ணீரை மடமடவெனக் குடித்தான்.
2. பூனை பதுங்கிப் பதுங்கி அடுப்படிக்குள் வந்தது.
3. உப்பளத் தொழிலாளர் கடினமாக உழைக்கிறார்கள்.
4. எனக்குக் கடற்கரை மிகவும் பிடிக்கும்.
5. நிஸாம் மட்டும் கோட்டையைப் பார்த்தான்.

எழுதிய பின் இக்கட்டுரையில் உரிய பகுதிக்குச் சென்று விடைகளை நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் சிறந்த பெறுபேறு பெற வாழ்த்துகின்றோம்.